பத்துக்கு ஒன்பது

படகுத்துறைக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தின் விளையாட்டுக் கூடத்தில் அன்று மதியம் கணக்குப் பாடம் நடந்தது. மாணவர்கள் ஒருவர்கூட இல்லை. காலையில் கவிழ்ந்த படகில் போனவர்களின் அப்பா, அம்மா, மனைவி, கணவன், மாமன், மச்சான் என்று ஒரு கூட்டம், பூப்பந்துக் கோடு போட்ட மரத்தரையில் நாற்காலிகளை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தது. பாடம் நடத்தியவள் அந்தப் பள்ளிக்கூடத்து டீச்சரும் இல்லை. ஊரின் இன்னொரு மூலையில் இருபத்திரண்டு வருடமாகக் கணக்குச் சொல்லிக்கொடுப்பவள். அவளுடைய ஒரே மகளும் அந்தப் படகில்தான் போயிருந்தாள்.

அவள் கணவன் லிப்ட் மெக்கானிக். பாதி பிரித்த மோட்டாரை அப்படியே போட்டுவிட்டு, கிரீஸ் கையோடு ஓடி வந்தவன், கரும்பலகைக்குப் பக்கத்துச் சுவரில் சாய்ந்து நின்றான். வீட்டிலும் அவன் அவளை ‘டீச்சர்’ என்றுதான் கூப்பிடுவான். கல்யாணமான புதிதில் கிண்டலுக்கு ஆரம்பித்தது, அப்படியே ஒட்டிக்கொண்டது.

அக்கரைக்குப் போக இருபது நிமிடம். கல்லூரிப் பிள்ளைகள், வேலைக்குப் போகிறவர்கள் என்று தினமும் ஏறி இறங்குகிற படகு. அன்று எட்டரை மணிக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்தது, பிறகு நிமிரவே இல்லை. மிதவைச் சட்டைகளையெல்லாம் ஒரு பெட்டியில் போட்டுப் பூட்டி, சாவியைக் கரையில் வைத்திருந்தார்களாம். அந்த லட்சணத்தில் பெட்டியின் மேல் ‘அவசரத்துக்கு’ என்று பெயிண்டில் எழுதி வேறு வைத்திருந்தார்களாம். சொல்லும்போதே வயிறு எரிகிறது.

ஏறியவர்கள் அறுபது பேர். வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த பெண் போலீஸுக்கு, அக்கரை ஆஸ்பத்திரியிலிருந்தும் தேடும் படகுகளிலிருந்தும் சேதி வந்துகொண்டே இருந்தது. சேதி வந்ததும் அந்த வீட்டாரைக் கூப்பிடுவாள். சிலர் கையில் போனைக் கொடுப்பாள். அவர்கள் அழுகையும் சிரிப்புமாகப் பேசிவிட்டு, செருப்பைக்கூடத் தேடாமல் ஓடுவார்கள். சிலரை மட்டும் தோளில் கைவைத்து, பின்பக்கத்து நூலக அறைக்குக் கூட்டிக்கொண்டு போவாள். மூன்று மணிக்குள் நாற்பது பேருக்குச் சேதி வந்துவிட்டது. இருபத்தொரு பேர் உயிரோடு. பத்தொன்பது பேர் நூலக அறையில். மிச்சம் இருபது பேர் எங்கே என்று ஆற்றுக்குத்தான் தெரியும்.

டீச்சருக்குச் சும்மா உட்காரத் தெரியாது. பதினொரு மணி வரைக்கும் பொறுத்துப் பார்த்தாள். பிறகு எழுந்துபோய், மூலையில் கிடந்த சக்கரம் வைத்த கரும்பலகையைத் தள்ளிக்கொண்டு வந்தாள். சாக்பீஸ் அவள் கைப்பையில் எப்போதும் இருக்கும். ஒவ்வொரு வீட்டாரிடமும் போய் இரண்டே கேள்வி கேட்டாள்.

“உங்க ஆளுக்கு நீச்சல் தெரியுமா? வழக்கமா மேல்தளத்துல உட்காருவாங்களா, கீழயா?”

‘இந்த நேரத்தில் இது ஒரு கேள்வியா’ என்று முறைத்தவர்களும் உண்டு. ஆனால் பதில் சொல்லாதவர் யாரும் இல்லை. வாயைத் திறந்து பேச ஏதோ ஒன்று கிடைத்ததே என்று இருந்தது அவர்களுக்கு. சேதி வந்தவர்கள் கிளம்புகிற அவசரத்திலும் பதில் சொல்லிவிட்டே போனார்கள்.

மூன்று மணிக்குப் பலகையில் பெரிய கட்டம் ஒன்று போட்டாள். சேதி வந்த நாற்பது பேரும் அதற்குள். கட்டத்துக்குள் ஒன்றோடு ஒன்று ஒட்டி வெட்டிக்கொள்ளும் இரண்டு வட்டங்கள். இடது வட்டம் நீச்சல் தெரிந்தவர்கள். வலது வட்டம் மேல்தளத்தில் இருந்தவர்கள். இரண்டும் சேர்கிற இடத்தில் இலை மாதிரி ஒரு துண்டு.

முதலில் பக்கத்தில் வந்து நின்றவர் பேக்கரிக்காரர். விடிகாலை ரொட்டி மாவு முழங்கை வரை காய்ந்துபோயிருந்தது. அவர் மகன் அக்கரை ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவன். அந்தப் படகில் போனவன். இன்னும் சேதி இல்லை.

“டீச்சரம்மா, எனக்கு அடுப்புச் சூடு தெரியும், இந்த வட்டமெல்லாம் தெரியாது. என் பையன் வருவானா மாட்டானா, அதை மட்டும் சொல்லுங்க.”

“வருவான், மாட்டான்னு சொல்ற கணக்கு இல்லண்ணே இது. எவ்வளவு நம்பலாம்னு மட்டும்தான் சொல்லும்.” அவள் குரல் வகுப்பில் இருப்பது போலவே நிதானமாக இருந்தது. “உங்க பையனைப் பத்தி ஒண்ணுமே தெரியாதுன்னு வைங்க. அப்ப நாற்பது பேருக்கு இருபத்தோரு பேர் பிழைச்சிருக்காங்க. பாதிக்குக் கொஞ்சம் மேல. ஆனா நமக்கு ஒரு சேதி தெரியுமே. எங்க உட்காருவான்?”

“மேலதான். கீழ டீசல் நாத்தம், ஒத்துக்காது அவனுக்கு.”

“அப்ப கீழ இருந்தவங்க பேச்சே நமக்கு எதுக்கு?” வலது வட்டத்துக்கு வெளியே இருந்ததையெல்லாம் ஒரு அட்டையால் மறைத்தாள். “இனிமே இந்த வட்டம்தான் நமக்கு உலகம். பதினெட்டு பேர். பிழைச்சது பதிமூணு. பாருங்க, ஒரு சேதி தெரிஞ்சதும் கணக்கு ஏறிடுச்சு. நீச்சல்?”

“மீன்குஞ்சும்மா அவன்.”

அட்டையை நகர்த்தி இலைத்துண்டை மட்டும் விட்டாள். “மேலயும் இருந்தாங்க, நீச்சலும் தெரியும். பத்து பேர். அதுல ஒன்பது பேர் வந்துட்டாங்க.”

“பத்துக்கு ஒன்பதா!” என்றார் பேக்கரிக்காரர். காலையிலிருந்து அவர் முகத்தில் ரத்தம் ஓடியது அப்போதுதான். யார் என்னவென்று பார்க்காமல் பக்கத்தில் இருந்தவர்களிடமெல்லாம் போய், “என் பையனுக்குப் பத்துக்கு ஒன்பது, டீச்சரே சொல்லிட்டாங்க” என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். பரீட்சையில் மார்க் வாங்கியது போல.

கூட்டம் பலகையை மொய்த்தது. மாசமாக இருந்த ஒருத்தி தன் கணவனைப் பற்றிக் கேட்டாள். நீச்சல் தெரியாது, கீழ்த்தளம். இரண்டு வட்டத்துக்கும் வெளியே, கட்டத்தின் மூலையில் கிடந்த கணக்கு அது. பதினாறு பேருக்கு நாலு பேர். டீச்சர் பலகையை மறைத்துக்கொண்டு நின்று, “அங்கயும் நாலு பேர் வந்திருக்காங்கம்மா” என்றாள். பதினாறைச் சொல்லவில்லை. அரை மார்க்குக்குக்கூட விட்டுக்கொடுக்காத தன் பெண்டாட்டி விடையில் பாதியை முழுங்கியதை மெக்கானிக் அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தான்.

சேதி வராத இருபது பேருக்கும் மஞ்சள் சாக்பீஸால் இருபது புள்ளிகள் வைத்தாள். பேக்கரிக்காரர் மகன் இலைத்துண்டுக்குள் போனான். கடைசிப் புள்ளியை யாரையும் கேட்காமல் அதற்குப் பக்கத்திலேயே வைத்தாள். அது அவர்கள் மகள். பத்தொன்பது வயது, அக்கரையில் கல்லூரி. வீட்டில் அவளுக்கு ‘வாலு’ என்று பெயர்.

மேல்தளம் என்பது சரி. எட்டேகாலுக்கு அவளே போன் பண்ணி, “மேல உட்கார்ந்திருக்கேம்மா, காத்து பிச்சுக்கிட்டுப் போகுது” என்று கத்தியிருந்தாள். ஆனால் நீச்சல்?

மெக்கானிக் அந்தப் புள்ளியைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. வாலுவுக்கு நீச்சல் தெரியாது. தண்ணீரில் போட்டால் கல்லைப் போல இறங்கிவிடுவாள். இந்த உலகத்தில் அது தெரிந்தது இரண்டே பேருக்குத்தான். ஒன்று வாலு, இன்னொன்று அவன்.

அவளுக்குப் பத்து வயதாகும்போது, நீச்சல் கற்றே ஆகவேண்டும் என்று டீச்சர் ஒற்றைக்காலில் நின்றாள். சனிக்கிழமைதோறும் நகராட்சிக் குளம், கூட்டிப்போகிற பொறுப்பு அப்பாவுக்கு. முதல் நாள், குளத்துக் கைப்பிடிக் கம்பியைக் கட்டிக்கொண்டு வாலு போட்ட கூச்சலில் மற்றப் பிள்ளைகளெல்லாம் நீந்துவதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். பயிற்சியாளர் பிடித்து இழுத்தார். மூக்கில் தண்ணீர் ஏறி, கண் செருகி, “அப்பா, அப்பா” என்று அவள் போட்ட கூப்பாட்டை இவனால் தாங்க முடியவில்லை. தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். அதற்கப்புறம் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

சனிக்கிழமைகளில் இருவரும் லிப்ட் பார்க்கப் போனார்கள். பதினாலு மாடிக் கட்டிடத்தின் மொட்டை மாடியில், மோட்டார் அறைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஐஸ்கிரீம் தின்றார்கள். ஸ்குரூடிரைவர் பிடிக்கக் கற்றுக்கொடுத்தான். திரும்பும்போது மாடிக் குழாயில் நீச்சல் உடையையும் துண்டையும் நனைத்துப் பிழிந்து பையில் வைத்துக்கொள்வார்கள், தலையையும் கொஞ்சம் நனைத்துக்கொள்வாள். ஒன்பது மாதம் இந்தக் கூத்து நடந்தது. கடைசியில் ஜெராக்ஸ் கடையில் சொல்லி ஒரு சான்றிதழ்கூட அடித்து லேமினேஷன் போட்டுக் கொடுத்தான் பாவி மனுஷன். டீச்சர் அதை வாங்கி, படித்துப் பார்த்து, பீரோவில் வைத்தாள். அப்பனும் மகளும் சமையலறையில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

பயந்த பிள்ளையைத் தண்ணீரில் தள்ளாதது குற்றமா? அன்றைக்கு அது பாசம். ஒன்பது வருடம் அது ரெண்டு பேரின் செல்ல ரகசியம். இன்றைக்கு மட்டும் அது கழுத்தில் கட்டிய கல்லாகிவிட்டது.

இத்தனைக்கும் அவனுக்கும் அந்த வட்டக் கணக்கு புரிந்துவிட்டது. அதுதான் கொடுமை. பலகையைப் பார்த்துத் தானே எண்ணினான். மேல்தளம், ஆனால் நீச்சல் தெரியாது: இலைத்துண்டைக் கழித்த பிறகு வலது வட்டத்தில் மிச்சம் இருந்த பிறைக்குள் எட்டுப் பேர். பிழைத்தது நாலு. வாலுவின் இடம் அந்தப் பிறை. பூவா தலையா போடுகிற இடம்.

சொல்லிவிடலாமா என்று சுவரைவிட்டு நகர்ந்தான். காகிதக் கோப்பையில் டீ வாங்கிக்கொண்டு அவள் பக்கத்தில் போனான்.

“டீச்சர், ஒரு விஷயம்…”

“என்னங்க?”

அவள் திரும்பிப் பார்த்தாள். கண் இரண்டும் உள்ளே போய்விட்டிருந்தன. ஒரு நாளில் ஒரு மனுஷிக்கு இவ்வளவு வயதாக முடியுமா?

“ஒண்ணுமில்ல. ரெண்டு வாய் குடி.”

அவள் வாங்கிக்கொண்டு, குடிக்காமலே ஜன்னல் திண்டில் வைத்தாள். அவன் திரும்பி வந்து சுவரில் சாய்ந்தான். மெல்லவும் முடியவில்லை, முழுங்கவும் முடியவில்லை. அவனுக்கு ஒரு பைத்தியக்கார நினைப்பு வந்தது. அந்த மஞ்சள் புள்ளி இலைத்துண்டுக்குள் இருக்கிற வரைக்கும் பிள்ளை மிதந்துகொண்டிருப்பாள்; தான் வாயைத் திறந்தால் தன் கையாலேயே அவளை அமுக்குகிற மாதிரி ஆகிவிடும். பெற்ற மனசு பித்து என்பது சும்மாவா? அவனும் நாலு எழுத்துப் படித்தவன்தான். புள்ளிக்கும் பிள்ளைக்கும் சம்பந்தமில்லை என்று தெரியும். தெரிந்தும் வாயைக் கட்டிக்கொண்டான்.

நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னால் பெண் போலீஸ் அவர்களைப் பார்த்து நடந்து வந்தாள். கையில் போன் இல்லை. அதைப் பார்த்ததுமே டீச்சர் சாக்பீஸைப் பலகை விளிம்பில் வைத்துவிட்டு, விரல்களைத் துடைத்துக்கொண்டாள்.

“அம்மா, நீங்களும் ஐயாவும் கொஞ்சம் வாங்க. நீங்க பார்த்துச் சொன்னாத்தான்…” பெண் போலீஸ் டீச்சரின் தோளில் கைவைத்தாள். அவளுக்கும் ஒரு இருபத்தைந்து வயதுதான் இருக்கும்.

நூலக அறையில் புத்தக அலமாரிகளைச் சுவரோரமாக ஒதுக்கியிருந்தார்கள். மூன்றாவது வரிசையில், படிக்கிற மேசைமேல் இருந்தாள் வாலு. போர்வையை விலக்கினார்கள். முகத்தில் ஒன்றுமே இல்லை, ஞாயிற்றுக்கிழமை பத்து மணி வரை தூங்குவாளே, அப்படித்தான் இருந்தது. காலில் ஷூ இருந்தது. இரட்டை முடிச்சு, இறுக்கமாக. தண்ணீரில் விழுந்தால் முதலில் ஷூவைக் கழற்றி உதறவேண்டும் என்பது நீச்சல் குளத்தில் முதல் மாதம் சொல்லிக்கொடுக்கிற பாடம். மெக்கானிக் அந்தக் காலைப் பிடித்துக்கொண்டு, ஆண்பிள்ளை அழுகிறானே என்று யாரும் பார்ப்பதைப் பற்றிக் கவலைப்படாமல், வாய்விட்டு அழுதான். “நான்தான்டி கண்ணு, நான்தான்டி” என்றுதான் திரும்பத் திரும்ப வந்தது. டீச்சர் அழவில்லை. மகளின் நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கிவிட்டாள். இன்னும் கொஞ்சம் ஒதுக்கிவிட்டாள். ஒதுக்குவதற்கு முடியே இல்லாத பிறகும் ஒதுக்கிக்கொண்டே இருந்தாள்.

காகிதங்களில் கையெழுத்துப் போட அவர்கள் திரும்பக் கூடத்துக்கு வரவேண்டியிருந்தது. உள்ளே நுழைந்ததும் பேச்சு நின்றது. முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடுமே. மாசமாக இருந்தவள் எழுந்து வந்து டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பேக்கரிக்காரர் மட்டும் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கிட்டத்தில் வந்தார். கேட்கக் கூடாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது, ஆனால் உதடு கேட்டுவிட்டது.

“டீச்சரம்மா… உங்க பொண்ணும் என் பையனும் ஒரே இலைக்குள்ளதானே? பக்கத்துல பக்கத்துலதானே வச்சீங்க? அப்ப இப்ப… பதினொண்ணுக்கு ஒன்பதா?” அவர் விரலை மடக்கிப் பார்த்தார். “அப்படியே இறங்கிக்கிட்டே போகுமா?”

டீச்சர் பலகையில் இருந்த அந்த இரண்டு புள்ளிகளையும் பார்த்தாள்.

மெக்கானிக் அந்த மனிதரின் முகத்தைப் பார்த்தான். காலையிலிருந்து தன் பெண்டாட்டியிடம் சொல்ல முடியாததை, முன்பின் தெரியாத ஒரு அப்பனுக்காக அத்தனை பேர் நடுவில் சொன்னான்.

“இல்லண்ணே. என் பொண்ணு அந்த இலைக்குள்ள இல்ல. அவளுக்கு நீச்சல் தெரியாது. கத்துக்கொடுக்கக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிட்டு ஊர் சுத்தக் கூட்டிட்டுப் போனவன் நான். துண்டைக் குழாயில நனைச்சு இவளை ஏமாத்தினேன். போலி சர்ட்டிபிகேட் அடிச்சேன். தப்பான இடத்துல வச்ச புள்ளி அது. உங்க பையனுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல.” பிறகு அவளைப் பார்த்துத் திரும்பினான். நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. “டீச்சர், நான் பிள்ளையைக் கொன்னுட்டேன்.”

அவள் அடிப்பாள் என்று எதிர்பார்த்தான். அடித்தால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது.

“தெரியும்” என்றாள் டீச்சர்.

“என்ன தெரியும்?”

“நீச்சல் தெரியாதுன்னு தெரியும். குளத்துல நீந்தின பிள்ளைக்குக் கண்ணு சிவக்காதா? உடுப்புல மருந்து வாசம் வராதா? ஒன்பது மாசம் அந்தத் துண்டைத் துவைச்சது நான்தானே.” ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள். “சனிக்கிழமை சாயங்காலம் நீங்க ரெண்டு பேரும் சிரிச்சுக்கிட்டே படியேறுவீங்க. கேட்டா அந்தச் சிரிப்பு நின்னுடும்னு விட்டுட்டேன். அடுத்த வருஷம் நானே கூட்டிட்டுப் போய்க் கத்துக்கொடுத்துடலாம்னு நினைச்சேன். ஒவ்வொரு வருஷமும் அடுத்த வருஷம்னே நினைச்சேன்.”

“தெரிஞ்சுமா… தெரிஞ்சுமா அவளை உள்ள வச்சே?”

“வெளிய வைக்கக் கை வரலைங்க” என்றாள். அப்போதுதான் அழுதாள். நின்ற இடத்திலேயே, கையால் முகத்தைக்கூட மூடாமல், சின்னப் பிள்ளை மாதிரி அழுதாள். அவன் பிடித்துக்கொண்டான். ஒருத்தர் மேல் ஒருத்தர் சாய்ந்து எப்படியோ விழாமல் நின்றார்கள்.

பெண் போலீஸ் காகிதங்களோடு தள்ளியே காத்திருந்தாள். பேக்கரிக்காரர் “மன்னிச்சுக்குங்கம்மா, நான் கேட்டிருக்கக் கூடாது” என்று கும்பிட்டார்.

“கேட்டது சரிதான். தப்பான கணக்கை நம்பி நீங்க உட்கார்ந்திருக்கக் கூடாது.”

டீச்சர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு பலகைக்குப் போனாள். இலைத்துண்டுக்குள் இருந்த இரண்டு மஞ்சள் புள்ளிகளில் ஒன்றை விரலால் அழித்தாள். “உங்க கணக்கு மாறலண்ணே. பத்துக்கு ஒன்பது, அப்படியேதான் இருக்கு” என்றாள்.

பிறகு பக்கத்துப் பிறைக்கு வந்தாள். எட்டுப் பேருக்கு நாலு பேர் என்று எழுதியிருந்த இடம். சாக்பீஸை எடுத்தாள். எட்டை அழித்து ஒன்பது என்று எழுதினாள். நாலை அழிக்கவில்லை.